சுவாதி எவ்வளவு பெரியது? கால்குலேட்டரில் கணக்கிடும் முறை

ஒரு ஆரஞ்சு ராட்சத விண்மீனின் பருமனை அறிய பெரிய தொலைநோக்கி தேவையில்லை. பொலிவெண் (வானில் தெரியும் பிரகாசத்தின் அளவு; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதாகத் தெரியும் சிறு கோணம்), மேற்பரப்பு வெப்பநிலை ஆகிய மூன்று எண்களும், லாக் பொத்தான் உள்ள கால்குலேட்டரும் போதும். பழகுவதற்குச் சுவாதியைவிடப் பொருத்தமான விண்மீன் கிடையாது. ஆங்கிலத்தில் ஆர்க்டரஸ் என்பது இதுதான்.

முதலில் வானத்தில் பார்த்துவிடுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை (அருந்ததியும் வசிஷ்டரும் இருப்பது அந்த வாலின் நடுவில்) அப்படியே நீட்டிக்கொண்டு போனால், எதிர்ப்படும் முதல் பிரகாசமான விண்மீன் சுவாதி. இன்னும் நீட்டினால் சித்திரை. மே மாதக் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் சென்னையில் உச்சிக்கு 6 பாகை வடக்கே நிற்கும். அடிவானத்தருகே பார்த்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது. அங்கே எல்லா விண்மீனும் காற்றால் சிவந்துதான் தெரியும். மேலே வந்ததும் பைனாகுலரின் குவியத்தைச் சற்றே கலைத்துவிடுங்கள். புள்ளி சிறு வட்டாக விரியும்போது ஆரஞ்சு நிறம் தெளிவாகும். உடனே சித்திரைக்குத் திருப்பினால் அதன் நீலவெண்மை பளிச்சென்று வேறுபடும்.

இனி கணக்கு. எண்களைச் சிம்பாட் என்ற இணைய விண்மீன் தரவுத்தளத்தில் எடுக்கலாம். கையா விண்கலத்தின் பட்டியலில் தேடாதீர்கள்; அதன் உணரிகளுக்குச் சுவாதியின் ஒளி அளவுக்கு மிஞ்சியது. முந்தைய ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் அளவீட்டையே நம்ப வேண்டும்: இடமாறு கோணம் 88.83 மில்லி விகலை (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு விகலை; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி விகலை). பொலிவெண் −0.05, வெப்பநிலை 4,286 கெல்வின்.

தொலைவு: 1000 ÷ 88.83 = 11.26 பார்செக். 3.26-ஆல் பெருக்கினால் 36.7 ஒளியாண்டு. மில்லி விகலைக்கு 1000-ஐ வகுக்காமல் 1-ஐ வகுத்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை.

தனிப் பொலிவெண் (விண்மீனை 10 பார்செக் தொலைவில் வைத்தால் தெரியும் பொலிவெண்): −0.05 + 5 − (5 × லாக் 11.26) = −0.31.

அடுத்த படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சூரியனின் தனிப் பொலிவெண் 4.83, வித்தியாசம் 5.14. பத்தின் அடுக்காக 0.4 × 5.14 போட்டால் 114 வரும். சுவாதி சூரியனைப்போல் 114 மடங்கு ஒளிர்கிறது என்று இதோடு நிறுத்தினால் விடை தப்பு. அது கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும். இவ்வளவு குளிர்ந்த விண்மீன் தன் ஆற்றலில் பெரும்பங்கை அகச்சிவப்பில் கொட்டுகிறது. அதைச் சேர்க்கத்தான் போலோமெட்ரிக் திருத்தம். இந்த வெப்பநிலைக்குச் சுமார் −0.6. கூட்டினால் −0.91. இப்போது ஒப்பிட வேண்டிய சூரிய எண்ணும் மாறுகிறது: 4.83 அல்ல, 4.74. வித்தியாசம் 5.65, மொத்த ஒளிர்வு சுமார் 182 மடங்கு.

ஆரம்: ஒளிர்வின் வர்க்கமூலத்தை வெப்பநிலை விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 182-இன் வர்க்கமூலம் 13.5. சூரியனின் வெப்பநிலை 5772 கெல்வின் என்பதால் விகிதம் 4286 ÷ 5772 = 0.7426, அதன் வர்க்கம் 0.551. விடை 24.5 சூரிய ஆரம்.

இதைச் சரிபார்க்க வழி உண்டு. குறுக்கீட்டுமானிகள் (பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து அளக்கும் கருவிகள்) சுவாதியின் கோண விட்டத்தை நேரடியாகவே அளந்திருக்கின்றன: சுமார் 21 மில்லி விகலை. தொலைவோடு சேர்த்தால் 25.4 சூரிய ஆரம். நம் விடையில் நான்கு விழுக்காடுதான் குறைவு. திருத்தத்தில் 0.1 பிசகினாலோ வெப்பநிலையில் 100 கெல்வின் பிசகினாலோ ஆரம் ஐந்து விழுக்காடு நகரும் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. திருத்தத்தை அடியோடு மறந்திருந்தால் 19.4 வந்திருக்கும்.

நிறை சூரியனுடையதைவிடச் சற்றே கூடுதல், சுமார் 1.08 மடங்கு. அவ்வளவு பொருளை 25 மடங்கு ஆரத்தில் பரப்பினால் சராசரி அடர்த்தி கனமீட்டருக்கு 0.09 கிலோதான் வரும். நாம் சுவாசிக்கும் காற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. மேற்பரப்பு ஈர்ப்பு பூமியினுடையதில் இருபதில் ஒரு பங்கு. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, அதைச் சுற்றியுள்ள ஓட்டில் எரிவதால் வெளியடுக்குகள் ஊதிக் குளிர்ந்துபோன நிலை இது. 'ராட்சத' என்ற சொல் பருமனைக் குறிப்பது, எடையை அல்ல.

அடுத்து இரண்டைப் போட்டுப் பாருங்கள். புனர்பூசத்தின் போலக்ஸ்: பொலிவெண் 1.14, இடமாறு கோணம் 96.54, வெப்பநிலை 4,800 கெல்வின், திருத்தம் −0.3, ஆரம் 9 வர வேண்டும். ரோகிணி: 0.86, 48.94, 3,900 கெல்வின், திருத்தம் −1.1, சுமார் 44. வெப்பநிலை இறங்க இறங்கத் திருத்தம் எப்படி வளர்கிறது பாருங்கள்.

கேட்டைக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். அதன் இடமாறு கோணம் 5.9 மில்லி விகலை, அதிலேயே பிழை 1. போதாததற்கு நடுவில் தூசியும் ஒளியை மறைக்கிறது.