தோற்ற கட்சி எழ வேண்டுமா? முதலில் இந்தத் தவறுகளை விடுங்கள்

தேர்தலில் பலத்த அடி வாங்கிய கட்சி முதலில் கூட்டுவது தோல்வி ஆய்வுக் கூட்டம். மைக் கைமாறிக்கொண்டே இருக்கும். எதிரியின் பணபலம், கூட்டணியின் துரோகம், உள்ளடி வேலை என்று காரணங்கள் குவியும். 'நம்ம சாதனை மக்களுக்குப் போய்ச் சேரலை' என்று ஒருவர் முடிப்பார், கைதட்டல் எழும். போன முறை ஓட்டுப் போட்டு இந்த முறை போடாமல் விட்டவர் மட்டும் அந்த அரங்கில் இருக்க மாட்டார். முதல் தவறு இதுதான். மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர்.

போனவர் ஏன் போனார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். 'உங்க ஓட்டு நமக்குத்தானே?' என்று கேட்டால் சிரித்துத் தலையாட்டி அனுப்பிவிடுவார். 'எங்களுக்குக் கடைசியா எப்போ போட்டீங்க? அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கட்சிக்காரருக்கு இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். 'அது அப்படியில்லைங்க' என்று சொல்ல நாக்கு துடிக்கும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'அதிருப்தி' என்று சுருக்கிவிட்டால் அந்தத் தாளால் பயனில்லை.

அடுத்தது, கடைசி நேரத்தில் முகத்தை மட்டும் மாற்றுவது. கனடாவில் ஆளும் முற்போக்குப் பழமைவாதக் கட்சி 1993 ஜூனில் கிம் கேம்ப்பெல்லைப் பிரதமராக்கியது. அக்டோபரில் தேர்தல். அறுதிப் பெரும்பான்மையோடு இருந்த கட்சிக்குக் கிடைத்தவை 2 இடங்கள், கேம்ப்பெல்லே தோற்றார்.

சின்னத்தை மாற்றுவதும் அதே ரகம். பிரிட்டன் தொழிற்கட்சி 1986-ல் செங்கொடிச் சின்னத்தை விட்டுச் சிவப்பு ரோஜாவுக்கு மாறியது. 1987-லும் தோல்வி, 1992-லும் தோல்வி. உற்பத்திச் சாதனங்களுக்குப் பொது உடைமை என்ற தன் 1918-ம் ஆண்டுக் கொள்கை விதியை 1995-ல் திருத்தியது. 1997-ல் 418 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. எல்லாப் பெருமையும் அந்தத் திருத்தத்துக்கே என்று சொல்ல மாட்டேன். எதிரே 18 ஆண்டுகள் ஆண்டு களைத்துப்போன அரசு இருந்தது. எதிரியின் களைப்பைத் தன் புத்துயிராக நினைத்துக்கொள்வதும் ஒரு தவறுதான்.

'நம்ம ஆட்கள் எங்கே போயிடுவாங்க?' என்ற மெத்தனம்தான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தானது. கிரீஸின் பாசோக் கட்சி 2009-ல் 43.9 சதவீத வாக்கோடு ஜெயித்தது. கடன் நெருக்கடியில் தன் சொந்த ஆதரவாளர்களின் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைத்தது. 2015 ஜனவரியில் அதன் வாக்கு 4.7 சதவீதம். போக்கிடம் இல்லை என்று கட்சி நினைத்தவர்களுக்கு சிரிஸா என்ற இன்னொரு இடதுசாரிக் கட்சி கிடைத்திருந்தது.

தவறுகளின் பட்டியலில் அவசரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி, தொழிலாளர் கட்சி என்ற பழைய சட்டையைக் கழற்றி எல்லாருக்குமான கட்சியாகத் தன்னை அறிவித்தது 1959-ல், பாட் கோடஸ்பெர்க் மாநாட்டில். வில்லி பிராண்ட்டை முன்னிறுத்தி 1961-ல் தோற்றது, 1965-ல் மறுபடி தோற்றது. அவரை மாற்றவில்லை. 1957-ல் 31.8 சதவீதமாக இருந்த வாக்கு 36.2, 39.3 என்று ஏறி, 1969-ல் 42.7 ஆனபோது, இன்னொரு கட்சியின் துணையோடு பிராண்ட் ஆட்சித் தலைவரானார்.