கேட்டுவிட்டு வாயை மூடுங்கள்: ஒரு மஞ்சப்பைப் பாடம்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, சிலர் கன்னடம். மார்ச்சில் சேர்ந்த மூன்றரை வயதுப் பையன் ஒருவன் ஜூன் வரை வாயே திறக்கவில்லை. வீட்டில் நன்றாகப் பேசுகிறானா என்று முதலில் அம்மாவிடம் கேட்டேன். தெலுங்கில் பொளந்து கட்டுகிறானாம். (வீட்டிலும் பேச்சில்லை என்றால் டாக்டரிடம் காதைக் காட்டச் சொல்லுங்கள். அது வேறு விஷயம்.)

இப்படிப்பட்ட பிள்ளையைப் பேசவைக்க, முதலில் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஐந்தாறு பொருள்: மாங்காய், காய்ந்த கேழ்வரகுக் கதிர், கொட்டாங்குச்சி, சொம்பு. புளியங்கொட்டை மாதிரிச் சின்னது வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். பட அட்டை எனக்குப் பிடிக்காது, அட்டை மாங்காயை முகர முடியாது. செல்போன் பாட்டு வேண்டவே வேண்டாம். பிள்ளை பதில் சொல்லும்வரை அது காத்திருக்காது.

அடுத்து, நான்கைந்து பேர் மட்டும் உட்காரட்டும். ஒருவர் கைவிட்டு ஒன்றை எடுக்கட்டும். "இது என்ன?" என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "இதை உங்க வீட்ல என்ன பண்ணுவாங்க?" என்று கேளுங்கள்.

நான் சறுக்கியது இதற்கப்புறம்தான். கேட்ட மூச்சிலேயே பதிலையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். "அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க சொல்லிடறீங்க டீச்சர்" என்று ஆயாம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு விநாடி அளவுதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தாலே பதில் நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டு சொன்னார். அவர் பார்த்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளை. நம் வாண்டுகளுக்கு நான் மனசுக்குள் பத்து எண்ணுகிறேன். ஐந்தைத் தாண்டினால் நாக்கு அரிக்கும். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எட்டு எண்ணும்போது அவன் சொன்னான்: "மாமிடிகாய."

"அப்படி இல்லடா, மாங்காய்" என்று திருத்தியிருந்தால் மறுபடி ஊமையாகியிருப்பான். "ஆமா, மாமிடிகாய! பச்சை மாங்காய். புளிக்குமா?" என்று அவன் சொல்லை வாங்கிக்கொண்டு, தமிழில் இரண்டு சொல் கூட்டிக் கொடுங்கள். கன்னடத்தில் மாவினகாயி. மூன்றும் 'மா'வில் தொடங்குவதைப் பிள்ளைகள்தான் எனக்குக் காட்டினார்கள்.

பின்சேர்க்கை: பாலக்கோட்டில் ஒரு டீச்சர் செய்து பார்த்துவிட்டு, "ஒரே பொண்ணு எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லுது" என்றார். பை யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்று வையுங்கள். வாயாடிக்கு, மறுநாள் பையில் என்ன போடலாம் என்று முடிவு செய்யும் வேலை. எங்கள் வாயாடி போன வாரம் போட்டது ஆயாம்மாவின் ஒற்றைச் செருப்பு. இருபது நிமிஷம் பேச்சு ஓடியது.