பால் கணக்கை வைத்து ஒரு வரிசைப்பணி எழுதுவோம்

ஒரு படியின் விடையை அடுத்த படி வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் வரிசைப்பணி. தமிழிலேயே நிரல் எழுதலாம் என்பதால் இதற்கு எழில் மொழியை எடுத்துக்கொள்கிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய மொழி. பைத்தான் என்ற நிரல்மொழியின் மேல் ஓடுகிறது, பைத்தானின் நிறுவல் கருவியான பிப் (pip) வழியாக நிறுவலாம்.

கணக்கு இதுதான். தினம் அரை லிட்டர் பால். 30 நாள் மாதத்தில் 4 நாள் ஊரில் இல்லை, ஆக 26 நாள். லிட்டர் 60 ரூபாய். முன்பணமாக 100 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

முதலில் லிட்டர், விலை, முன்பணம் என்ற மூன்று படிகளையும் தனித்தனி நிரல்பாகமாக, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சிறு நிரல் துண்டாக, எழுதுங்கள்.

நிரல்பாகம் லிட்டர்( நாள் )
  பின்கொடு நாள் * 0.5
முடி

நிரல்பாகம் விலை( அளவு )
  பின்கொடு அளவு * 60
முடி

நிரல்பாகம் முன்பணம்( தொகை )
  பின்கொடு தொகை - 100
முடி

விடையைத் திருப்பித் தருவது "பின்கொடு". அதை மறந்தால் அடுத்த படிக்குக் கையில் ஒன்றும் கிடைக்காது. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

இனி வரிசையாகக் கோர்க்கலாம். "பதிப்பி" என்றால் திரையில் காட்டு என்று பொருள்.

பால் = லிட்டர்( 26 )
பதிப்பி பால்
பணம் = விலை( பால் )
பதிப்பி பணம்
மீதி = முன்பணம்( பணம் )
பதிப்பி "தர வேண்டியது", மீதி

ஓட்டினால் 13, 780, கடைசியில் 680 வரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு "பதிப்பி" எதற்கு என்று தோன்றலாம். விடை தப்பினால் எந்தப் படியில் தப்பியது என்று உடனே தெரியும், அதற்குத்தான்.

சரி, இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்போம். விலையையும் முன்பணத்தையும் இடம் மாற்றுங்கள்.

பணம் = முன்பணம்( பால் )
மீதி = விலை( பணம் )

13 லிட்டரிலிருந்து 100 ரூபாயைக் கழித்து -87, அதை 60ஆல் பெருக்கி -5220! பால்காரர்தான் நமக்கு ஐயாயிரத்துச் சொச்சம் தர வேண்டுமாம். பிழைச் செய்தி எதுவும் வராது. கணினிக்கு லிட்டரும் தெரியாது, ரூபாயும் தெரியாது. அதற்கு எல்லாம் வெறும் எண்.

அதனால் கோர்த்த வரிகளுக்கு நடுவே, பணம் கணக்கிட்டவுடன் ஒரு காவல் போட்டுவிடுங்கள்.

@( பணம் < 0 ) ஆனால்
  பதிப்பி "வரிசையைச் சரிபார்"
முடி

இது எச்சரிக்கும், ஓட்டத்தை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமானால் மூன்றாம் படியை, நிபந்தனை பொருந்தாதபோது மட்டும் ஓடும் "இல்லை" பகுதிக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும்; அதை நீங்களே செய்து பாருங்கள்.