கொழுந்துக் கூடையை இறக்கிய பிறகு எலும்பைக் காப்பது எப்படி?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவமாதாக வேலை செய்தவள் நான். வேலையை விட்டு நின்ற அக்காமாரைக் கண்டால், "பால் குடிக்கிறீர்களா?" என்று கேட்பதற்கு முன் "நேற்று எங்கே நடந்து போனீர்கள்?" என்றுதான் கேட்பேன். மலை ஏறி இறங்கிய உடம்புக்கு எலும்பு தேயாது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் உடம்பு பாரம் தாங்கிக்கொண்டிருக்கும்வரைதான் எலும்பு உறுதியாக இருக்கும். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் அது வேகமாகக் கரைகிறது. நம் பெண்கள் மலைக்குப் போவதை நிறுத்தி அடுப்படியோடு இருந்துவிடுவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

ஆகவே தினமும் அரை மணி நேரமாவது நடங்கள். அதோடு, கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பிப் பழகுங்கள். கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாதங்களைத் தரையில் பதித்து, உடம்பைச் சற்று முன்னுக்குச் சாய்த்து எழும்ப வேண்டும். உட்காரும்போது இன்னும் மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று உட்கார்ந்தே முதுகெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. காலையும் மாலையும் பத்து முறை போதும். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தண்ணீர் வாளியையும் விறகுக் கட்டையும் இடுப்பை வளைத்துத் தூக்கவே கூடாது.

50 வயது கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. பால்மா விற்கும் விலையில் அதை மட்டும் நம்ப முடியாது. நெத்தலியை முள்ளோடு மொறுமொறுவென்று பொரித்துச் சாப்பிடுங்கள். குரக்கன் ரொட்டி, தோல் நீக்காத எள், முருங்கைக் கீரை எல்லாம் நல்லவை. ரொட்டியும் சம்பலுமாகவே மூன்று வேளையும் போனால் தசையும் மெலியும். பருப்போ கடலையோ முட்டையோ கூட இருக்கட்டும். கல்சியம் குளிசையையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம்.

மூடுபனி விலகி வெயில் வந்தால், கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளில் வெயில் படும்படி வாசலில் கொஞ்ச நேரம் இருங்கள். அது முடியாதவர்கள் வைட்டமின் டி பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

எனக்குப் பெரிய கவலை லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், வாசற்படிதான். மழைக்காலத்தில் அதில் பச்சைப் பாசி படர்ந்துவிடும். இரவில் வெளியே கழிப்பறைக்குப் போகும் கிழவி, தேய்ந்த செருப்போடு அதில்தான் கால் வைக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாடுவது பெரும்பாடு. கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுங்கள்; மகனிடம் சொல்லி ஒரு கைப்பிடிக் கம்பு நடுங்கள்; தலையணைக்குப் பக்கத்தில் டோர்ச் வையுங்கள்.

சாதாரணமாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தவர்கள், உயரம் குறைந்து கூன் விழுந்தவர்கள், ஆஸ்துமா இழுப்புக்கு நெடுநாள் ஸ்டீராய்டு குளிசை எடுத்தவர்கள் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை விழுங்கும் எலும்புக் குளிசையைத் தந்தால், காலையில் வெறும் வயிற்றில், நிறைந்த ஒரு கோப்பை வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். தேநீரோடு எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. படுத்தால் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.