அமெரிக்கப் பிரசவ வார்டு நர்ஸ்: எந்தச் சான்றிதழை எழுதுவது?

அமெரிக்காவில் பிரசவம், பச்சிளங்குழந்தைப் பிரிவு நர்ஸ்களுக்கான முக்கியத் தேர்வுகளை நடத்துவது என்.சி.சி. (நேஷனல் சர்ட்டிஃபிகேஷன் கார்ப்பரேஷன்) என்ற அமைப்பு. பெயருக்குப் பின்னால் போடும் ஆர்.என்.சி. (சான்றிதழ் பெற்ற ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ்) எல்லோருக்கும் பொது, துறையைச் சொல்லும் அதன் வால்தான் வேறு.

முதலில் கடந்த இரண்டு வருட ஷிப்டுகளைப் புரட்டிப் பாருங்கள். வலியெடுத்த தாயோடும் மானிட்டரோடும் போனதா? ஓ.பி. (அப்ஸ்டெட்ரிக்ஸ், பிரசவம்) தேர்வு. பிரசவம் முடிந்த தாயையும் குழந்தையையும் ஒரே அறையில் பார்ப்பவருக்கு எம்.என்.என். மஞ்சள் காமாலை, சர்க்கரைக் குறைவு, சற்று முன்பே பிறந்த குழந்தைகள் என்று போனால் எல்.ஆர்.என். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் என்.ஐ.சி. எல்லா வேலையும் மாறி மாறிப் பார்க்கும் சிறிய மருத்துவமனையில்தான் குழப்பம். அங்கே நான்கு தேர்வுகளின் பாடத்திட்டத்தையும் இறக்கி, தினமும் கை வைக்கும் தலைப்புகளை டிக் அடியுங்கள். டிக் அதிகம் விழுவதை எடுங்கள். வார்டில் எந்தச் சான்றிதழுக்கு மவுசு என்று பார்த்து எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் திணறுகிறார்கள்.

விண்ணப்பம் சிக்கிக்கொள்வது வேலை நேரக் கணக்கில்தான். அந்தத் துறையில் 24 மாத அனுபவம், 2000 மணி நேரம், இரண்டும் வேண்டும். வாரம் 36 மணி பார்ப்பவருக்கு 56 வாரத்தில் 2000 சேர்ந்துவிடும், ஆனாலும் 24 மாதம் முடிய வேண்டும். வாரம் ஒரே ஒரு 12 மணி ஷிப்ட் பார்ப்பவருக்கு அதே 24 மாதத்தில் 1250 தேறுவதே பெரிது. ஊரில் பார்த்த லேபர் வார்டு வருஷங்கள் சேராது. அமெரிக்க அல்லது கனடா ஆர்.என். ஆகப் பார்த்த வேலைக்குத்தான் கணக்கு.

தேர்வில் 175 கேள்விகள், 3 மணி நேரம். அனுமதி வந்தால் 90 நாளுக்குள் எழுதியாக வேண்டும், எனவே பாதியாவது படித்த பிறகு விண்ணப்பியுங்கள். எம்.என்.என். எழுதுபவர்கள் தாய்ப் பகுதியை ஊதித் தள்ளிவிட்டு, குழந்தைப் பகுதியில் மாட்டிக்கொள்வதுண்டு. இன்னொரு பொறி, பிரசவத்துக்குப் பின் எவ்வளவு ரத்தம் போனால் அது அதிக ரத்தப்போக்கு என்பது. சுகப்பிரசவத்துக்கு 500 மி.லி. என்று இந்தியாவில் படித்து வந்திருப்பீர்கள்; அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் 2017 வரையறை, எந்த வகைப் பிரசவமானாலும் 1000 மி.லி., அல்லது அதற்குக் குறைந்தாலும் ரத்த இழப்பின் அறிகுறிகள் தெரிவது. புத்தகம் எந்த வருடத்தது என்று பார்த்து வாங்குங்கள்.

மணிநேரம் சேராதவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கருவின் இதயத்துடிப்புப் பதிவுக்கான சி-இ.எஃப்.எம். தேர்வுக்கு 2000 மணி நிபந்தனை கிடையாது. என்.ஆர்.பி. (பிறந்த குழந்தைக்கு உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி) அட்டையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பயிற்சி முடித்ததற்கான அத்தாட்சி.

நாளை வளைகுடாவுக்கோ இந்தியாவுக்கோ போகும் எண்ணமிருந்தால் தாய்ப்பால் ஆலோசகருக்கான ஐ.பி.சி.எல்.சி. யோசிக்கத் தக்கது, அது சர்வதேசச் சான்றிதழ். நர்ஸ்களுக்கான வழியில் 95 மணி நேர தாய்ப்பால் பாடமும், ஐந்து ஆண்டுக்குள் 1000 மணி நேரத் தாய்ப்பால் பராமரிப்பு அனுபவமும் கேட்பார்கள். பணிப் பதிவேட்டை அன்றன்றே எழுதிவிடுங்கள், பிறகு உட்கார்ந்து ஞாபகப்படுத்துவது பெரும்பாடு.

ஆர்.என்.சி.யை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதலில் என்.சி.சி.யின் மதிப்பீட்டை எழுதுங்கள். எந்தப் பகுதியில் எத்தனை மணி படிக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும், அதற்கு முன் முடித்த வகுப்புகள் கணக்கில் வராது.