பதின்வயதுப் பிள்ளைக்குத் தனியார் மனநல உதவி தேடுவது எப்படி?

பிள்ளை மனத்தளவில் தவிக்கிறது என்று தெரிந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது, "இந்த ஊர்ல பெரிய டாக்டர் யாரு?" என்றுதான். எலும்பு முறிவுக்கு அந்தக் கேள்வி போதும். மனநலச் சிகிச்சையோ வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நடப்பது. எதிரில் இருப்பவரை நம்பிப் பிள்ளை வாய்திறந்தால்தான் அது தொடங்கவே செய்யும். ஆகவே, முறையான தகுதி உள்ளவர்களுக்குள் யாரிடம் நம் பிள்ளை இரண்டாவது முறையும் போகச் சம்மதிக்கும் என்பதையே தேடலின் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனையையோ கிளினிக்கையோ நாட நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

பதின்வயதில் கோபமும் அடமும் தனிமை நாட்டமும் இயல்பானவை. அவை எல்லாவற்றையும் நோயாக எண்ணிப் பதற வேண்டியதில்லை. ஆனால் தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு ஆகியவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகக் குலைந்து, அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்கக் கூடாது. பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும், லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போய் வந்தால் தெளிந்துவிடும் என்று தள்ளிப்போடுவது நம் வீடுகளில் சகஜம். பெரியவர்களிடம் காணப்படும் மனநலக் கோளாறுகளில் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதாகவும், அவற்றில் பெரும்பாலானவை அப்போது கண்டறியப்படாமல் போய்விடுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே கவனித்தால் எளிதாகத் தீரக்கூடியதைப் பிளஸ் டூ வரை வளரவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு வாரம் என்ற கணக்கு பொருந்தாத நிலைமை ஒன்று உண்டு. "நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்" என்று பிள்ளை சொன்னாலோ எழுதி வைத்தாலோ, உடம்பைக் காயப்படுத்திக்கொண்ட தழும்பு தெரிந்தாலோ, அன்றைக்கே உதவி வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது, கேட்டுவிடுவதே பாதுகாப்பு. அப்படிப்பட்ட நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனையோ தனியாரோ, பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவசரம் இல்லாத நிலையில், பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கமான குழந்தை மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ முதலில் போவது நல்லது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி-12 பற்றாக்குறை ஆகியவையும் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு என்றே வெளிப்படலாம். ஒரு ரத்தப் பரிசோதனை அதைத் தெளிவாக்கிவிடும். அதோடு, பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசும் மனநல மருத்துவர் யார் என்பது விளம்பரங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

யாரிடம் எதற்குப் போவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி., டி.என்.பி., டி.பி.எம். ஆகியவற்றில் ஒன்றைப் பெற்றவர். நோயை நிர்ணயிப்பதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலத்தில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் நம் மாநிலத்தில் குறைவு. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இத்துறையில் பயின்றவர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தால் அவரையே முதலில் முயலுங்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவருடையவை. அந்தப் பெயரில் தொழில் செய்ய எம்.ஃபில். போன்ற உரிய பயிற்சியும், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. முறையாகப் பதிவு செய்தவர் தயங்காமல் சொல்வார். கவுன்சிலர் என்று பெயர்ப்பலகை மாட்டுவதற்கு நடைமுறையில் இத்தகைய கட்டுப்பாடு இல்லாததால், முதுநிலை உளவியல் படித்து மேற்பார்வையில் பயிற்சி பெற்ற நல்ல ஆலோசகர்களும், சில வாரச் சான்றிதழ் வகுப்போடு கடை விரித்தவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். தேர்வுப் பயம், நண்பர்களோடு பிணக்கு, வீட்டில் ஓர் இழப்பு ஆகியவற்றுக்கு நல்ல ஆலோசகர் போதும். தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, நாளுக்கு நாள் எடை குறைகிறது, சாகும் எண்ணம் இருக்கிறது என்றால் மனநல மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய ஊர்களில் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த ஸ்கார்ஃப் சென்னை அண்ணா நகரிலும், செல்லமுத்து அறக்கட்டளை மதுரையிலும் மனநலப் பணிக்கென்றே இயங்குகின்றன. வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது நெடுங்கால வழக்கம்.

நேரில் போவதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு போன் செய்யுங்கள். "ஆறு மணிக்கு வந்து டோக்கன் வாங்கிக்கோங்க" என்பதோடு பேச்சை முடிக்க விடாமல் சில விவரங்களைக் கேட்டுவிட வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை டாக்டர் வழக்கமாகப் பார்க்கிறாரா? முதல் முறை எவ்வளவு நேரம் ஒதுக்குவார்? பிள்ளையிடம் தனியாகப் பேசுவாரா? பேச்சுவழிச் சிகிச்சை தருபவர் அங்கேயே இருக்கிறாரா, வேறு இடத்துக்குப் போக வேண்டுமா? மாலைக்குள் ஐம்பது பேரைப் பார்த்து முடிக்கும் இடத்தில், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பேசத் தயங்கும் பிள்ளைக்கு வாய்ப்பு கிடைக்காது. முதல் சந்திப்புக்கு அரை மணி நேரமாவது தருகிறவரைத் தேடுவதே மேல்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பல் டாக்டரிடம் போகிறோம் என்று ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். அந்த ஒரு பொய் சிகிச்சை முழுவதையும் கெடுத்துவிடும். "உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று தொடங்கினால் பிள்ளை தற்காப்பில் இறங்கிவிடும். நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள். "ஒரு மாசமா நீ ராத்திரி தூங்கலைன்னு எனக்குத் தெரியுதும்மா. எங்ககிட்ட சொல்ல முடியாதது ஏதாவது இருக்கலாம். இதுக்குன்னே படிச்சவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கலாமா? அவங்க பிடிக்கலைன்னா வேற ஆளைப் பாப்போம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது, மனமார அதைச் சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். இரண்டு மூன்று பெயர்களைக் காட்டி, ஆணா பெண்ணா, நேரிலா காணொளியிலா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். காணொளி என்றால், பதினெட்டு வயது நிறையாதவருடன் பெரியவர் ஒருவர் சேர்ந்து இருந்தால்தான் மருத்துவர் ஆலோசனை தரலாம் என்று 2020-இன் தொலைமருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன. அறிமுகம் முடிந்ததும் பிள்ளை தனியாகப் பேசுவதற்கு மருத்துவரிடமே ஏற்பாடு கேட்டுக்கொள்ளலாம்.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் நடப்பது இது. மருத்துவர் பிள்ளையைப் பார்த்து "என்னப்பா, எப்படி இருக்கே?" என்பார். பதிலை அம்மா சொல்வார். மார்க் குறைந்தது, போனை விடுவதில்லை, பெரியப்பா பையன் எப்படிப் படிக்கிறான் என்று பேச்சு நீளும். யூனிஃபார்மோடு வந்த பையன் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். நல்ல மருத்துவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "நீங்க வெளியில உக்காருங்கம்மா, நாங்க பேசிக்கிறோம்" என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்டு மனம் வாடாதீர்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நேரம் பிள்ளைக்கு மிச்சமாகும்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா, இப்போது சாப்பிடும் மருந்துகள் எவை.

வெளியே வந்ததும் "உள்ளே என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே?" என்று துருவக் கூடாது. "அவங்ககிட்ட பேச முடிஞ்சுதா, மறுபடி வரலாமா?" என்பது போதும். இல்லை என்று பிள்ளை சொன்னால், மூன்று சந்திப்புவரை பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் ஆளை மாற்றுவதில் தவறே இல்லை. பிள்ளையைத் திட்டி உபதேசம் செய்கிறவர், மதிப்பெண்ணைப் பற்றியே பேசுகிறவர், பிள்ளை சொன்னதை அதன் முன்னாலேயே பெற்றோரிடம் போட்டு உடைக்கிறவர் என்றால் மூன்று முறை காத்திருக்கவும் வேண்டாம்.

ரகசியம் எதுவரை?

நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. பெண்பிள்ளை என்றால் கல்யாணம்வரை யோசிக்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்பவர் மீது சுமத்துகிறது. பள்ளியில் விடுப்புக்குச் சான்று தேவையென்றால், நோயின் பெயரைக் குறிப்பிடாமல் ஓய்வு தேவை என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறிய ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கிளினிக் வாசலில் நிற்கத் தயக்கமாக இருந்தால், பல துறைகள் உள்ள பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் முதல் நாளே அறிந்திருப்பது நல்லது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மருத்துவர் பெற்றோரிடம் சொல்வார். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், 2012-இன் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை.

மருந்து, அனுமதி, செலவு

மருந்து என்றதும், "இதுக்கு அடிமையாயிடுவானோ" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். மனச்சோர்வுக்குப் பொதுவாகத் தரப்படும் மருந்துகள் போதைப்பழக்கத்தைப் போல அடிமைப்படுத்துவன அல்ல. அவை வேலைசெய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பத்தாம் நாள் பலனில்லை என்று நிறுத்துவதும், சிரித்துப் பேசத் தொடங்கியதும் நாமாகவே நிறுத்துவதும் தவறு. இளவயதினர் சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும் என்பதால் அந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். மாற்றம் தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். கோயிலோ தர்காவோ தேவாலயமோ, வேண்டுதல் மனத்துக்குத் தெம்பு தருமானால் செய்யுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு மட்டும் செய்யாதீர்கள்.

உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் நிதானமாக விசாரிக்க வேண்டும். சிறாரை மனநல மையத்தில் சேர்ப்பதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தனி நிபந்தனைகளை விதித்திருக்கிறது: இரு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்துச் சேர்க்கை தேவை என்று கூற வேண்டும், பெரியவர்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், பெற்றோரோ அவர்கள் நியமித்த உதவியாளரோ தங்கியிருக்கும் காலம் முழுவதும் உடனிருக்க வேண்டும். போன் பழக்கத்தையும் கஞ்சாப் பழக்கத்தையும் மாற்றித் தருவதாகச் சொல்லி, "மூணு மாசம் விட்டுட்டுப் போங்க, நடுவுல பாக்க வரக் கூடாது" என்கிற இடங்கள் இருக்கின்றன. அத்தகைய இடத்தில் பிள்ளையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. குடும்பத்தார் கண்ணில் படாத இடத்தில் எதுவும் நடக்கலாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற இடமா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். பேச்சுவழிச் சிகிச்சைக்கு ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிறவர்களும் உண்டு, இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறவர்களும் உண்டு. வாரம் ஒன்று வீதம் மூன்று மாதம் என்று கணக்கிட்டுக்கொண்டு, தாங்கக்கூடிய இடத்தில் தொடங்குவதே புத்திசாலித்தனம், ஏனெனில் பணமில்லாமல் நடுவில் நிற்கும் சிகிச்சை பிள்ளையை இன்னும் சோர்வடையச் செய்யும். கட்டணக் குறைப்பு கேட்கத் தயங்காதீர்கள், பலர் தருகிறார்கள். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கும் செலவையே ஏற்கின்றன, புறநோயாளிக் கட்டணத்தை ஏற்பதில்லை.

மருந்துச் சீட்டுகள், சோதனை அறிக்கைகள், பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்து வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போகும்போது, இதுவரை என்ன நோய், என்ன மருந்து, எந்த அளவு என்று சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்த ஊரில் அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவரின் முதல் சந்திப்பை அட்மிஷன் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பதினெட்டு நிறைந்ததும் சிகிச்சை குறித்த முடிவுகள் சட்டப்படி பிள்ளையுடையவை. தனக்காகப் பேசும் பிரதிநிதியாக யாரை நியமிப்பது என்பதையும் பிள்ளையே தீர்மானிக்கலாம் என்பதால், அந்தக் கோப்பை விடுதிக்குப் புறப்படும் நாளில் அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.