பிரிட்டனில் வேலை இழந்தோருக்கான வாடகை உதவி

பிரிட்டனில் வேலையை இழந்து வாடகை கட்டத் தடுமாறுபவர்கள், அடுத்த வேலை விரைவில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நாள்களைக் கடத்தாமல் வாடகைக்கும் உதவும் அரசு நிதியுதவியான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (Universal Credit) உடனே விண்ணப்பிப்பது நல்லது. ஏனெனில் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான் உதவி கணக்கிடப்படுகிறது, முந்தைய காலத்துக்கான தொகையோ உடல்நலக் குறைவு போன்ற சில காரணங்களுக்காக மட்டும், அதுவும் அதிகபட்சம் 1 மாதத்துக்கே கிடைக்கும். முதல் தொகை வந்துசேர ஏறத்தாழ 5 வாரங்கள் ஆகும். இடையில் முன்பணம் கேட்கலாம். ஆனால் அது கடன்தான், பின்வரும் தொகைகளில் பிடித்துக்கொள்வார்கள்.

தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்கள் முழு வாடகையும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வசிக்கும் பகுதியையும் தேவைப்படும் படுக்கையறைகளையும் பொறுத்து உச்சவரம்பு உண்டு. 35 வயதுக்குட்பட்ட தனிநபருக்குப் பெரும்பாலும் பகிர்ந்து வாழும் வீட்டின் ஓர் அறைக்கான தொகையே கணக்கில் கொள்ளப்படும். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் பொதுவாகத் தகுதியில்லை.

நம்மவர்களில் பலர் கவனிக்கத் தவறுவது விசா நிபந்தனையை. பொதுநிதி உதவி பெற அனுமதியில்லை என்று அதில் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே குடிவரவுச் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.